டிக்ரியிலிருந்து சென்ற தந்தியாளர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் தைத் திங்களில் நாம் இம்மண்டபத்தில் கூடுகிறோம். குழந்தைகள் ஆடிப் பாடுகிறார்கள். கற்றறிந்தோர் தமிழின் பெருமையை எடுத்துரைக்கிறார்கள். பின்னர் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு மகிழ்கிறோம். இவ்வாண்டு என்னையும் சில நிமிடம் பேசுமாறு செயலாளர் பணித்தார். காப்பியங்களை விரித்துரைக்கும் புலமை எனக்கில்லை. பத்தாம் வகுப்பைத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி அடுக்கும் எழுத்தன் நான் என்று மறுத்தேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இந்தக் கரக்பூரும், இங்கிருந்து புறப்படும் தண்டவாளங்களும்தாம். ஆதலின், அத்தண்டவாளம் ஒன்றின் அருகிலிருந்து ஒரு நாள் புறப்பட்டுச் சென்று, திரும்பி வாராத ஓர் இளைஞரைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். ஆயினும் அவர் மாண்டதும் இதே தை மாதத்தில்தான்.

நம்மில் பலர் ஆத்ரா செல்லும் பாதையில் அடிக்கடி பயணம் செய்கிறோம். மேதினிபூர் கடந்தால் கோதாபியாசால், சால்போனி, சந்திரகோணா ரோடு, கர்பேட்டா, பியார்டோபா என்று நிலையங்கள் வரிசையாக வரும். இருமருங்கிலும் செம்மண்ணும் சால மரங்களும். சன்னலோரம் அமர்ந்து செல்பவர்க்கு அமைதியான நாட்டுப்புறமாகவே அது தோன்றும். 1943, 1944, 1945 ஆகிய ஆண்டுகளில் அவ்விடம் அவ்வாறு இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் நம்மைச் சுற்றியிருந்த மேட்டு நிலமெங்கும் விமானத் தளங்கள் எழுந்தன. கலைகுண்டா, தூத்குண்டி, பியார்டோபா, சால்போனி, டிக்ரி எல்லாம் அக்காலத்துத் தளங்களே. இவற்றுள் கலைகுண்டா இன்றும் நம் இந்திய விமானப்படையின் நிலையமாக விளங்குகிறது. ஹிஜ்லியில் அமெரிக்கக் குண்டுவீச்சுப் படையின் தலைமையகம் இருந்தது. 1944 ஜூன் 5ஆம் நாள் இவ்வட்டாரத் தளங்களிலிருந்து எழுந்த பெருவிமானங்கள் பாங்காக் நகரின் இரயில்வே பட்டறைகளின்மேல் குண்டு வீசின. இரயில்வே பட்டறையின் சங்கொலி கேட்டு வளர்ந்த நமக்கு அச்செய்தி ஒருகணம் நெஞ்சை உறுத்தாமற் போகாது.

சந்திரகோணா ரோடு நிலையத்தை அடுத்துள்ளது டிக்ரி. பிரிட்டிஷ் விமானப்படையின் 159ஆம் அணி 1944 இறுதியிலும் 1945இலும் அங்கேதான் தங்கியிருந்தது. அவ்வணியினர் ஓட்டியவை லிபரேட்டர் எனப்படும் நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள். நெடுந்தொலைவு பறக்க வல்லவை. 1944 அக்டோபர் இறுதியில் இவ்வணி மலேயாவின் பினாங்குத் துறைமுகத்திற்கே சென்று, கடற்கண்ணிகளை இட்டுத் திரும்பியது. போக வர ஏறத்தாழ 3,000 மைல். கீழே வங்கக் கடல். வழியில் இறங்க இடமில்லை.

இந்த 159ஆம் அணியில் ஒருவர், பிளைட் சார்ஜெண்ட் ஸ்டான்லி ஜேம்ஸ் உட்பிரிட்ஜ். இலண்டன் மாநகரின் செல்சி பகுதியில் 1921 ஆகஸ்டு 29ஆம் நாள் பிறந்தவர். விமானத்தில் அவர் பணி கம்பியில்லாத் தந்தி இயக்குவது. குண்டு வீசியவர் வேறு. துப்பாக்கி பிடித்தவர் வேறு. விமானத்தை ஓட்டியவரும் வேறு. இவரோ காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கையருகே தந்திச் சாவியும் பதிவேடுமாக அமர்ந்திருந்தவர். ஒருவகையில் சொன்னால், அந்த விமானத்தின் குமாஸ்தா.

இத்தொழிலின் தன்மையை நம் இரயில்வே குடும்பத்தார்க்கு நான் அதிகம் விளக்க வேண்டுவதில்லை. முன்னாளில் ஒவ்வொரு நிலையத்திலும் தந்திக் கருவி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். குறிலும் நெடிலும் போன்ற இரண்டே ஒலிகளால் எல்லாச் செய்தியும் சென்று சேரும். விமானத் தந்தியாளர் பயின்றதும் அதே மோர்ஸ் முறையே. ஒற்றைப் பாதை நாள்களில் அடுத்த நிலையத்தாரிடம் கேட்டு 'லைன் கிளியர்' பெறாமல் எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் வண்டியை அனுப்பமாட்டார். மறுமுனையில் இருப்பவர் முகத்தை அவர் பார்த்ததில்லை. அவர் சொல்லை நம்பியே நூற்றுக்கணக்கான பயணிகள் இருளில் உறங்கியபடி சென்றார்கள். தந்திச் சாவியின்மேல் விரல் வைத்தவனுடைய வாய்மையில் முகமறியாத பலருடைய உயிர் அடங்கியிருந்தது.

விமானத் தந்தியாளர்க்கு இப்பொறுப்பு இன்னும் கடுமையானது. எந்த அலைவரிசையில் பேசுவது, எந்தச் சங்கேதச் சொல்லுக்கு எப்பொருள், கருவி எவ்வாறு இயங்குகிறது என்பனவற்றை அவர் அறிவார். இவை பகைவன் கைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? வரும் விமானங்களை முன்கூட்டியே அறிந்து காத்திருப்பான். பொய்ச் செய்தி விடுத்து வழி தவறச் செய்வான். நாளை டிக்ரியிலிருந்தும் சால்போனியிலிருந்தும் எழப்போகும் தோழர்களின் உயிர், இன்று பிடிபட்ட ஒரு தந்தியாளரின் நாவில் தங்கியிருக்கும்.

1945 ஜனவரி 31ஆம் நாள் உட்பிரிட்ஜ் சென்ற லிபரேட்டர் விமானம் பர்மாக் காட்டில் விழுந்து நொறுங்கியது. அது ஐராவதி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலொடு கலக்கும் கழிமுக நாடு. உட்பிரிட்ஜும் விமானத்தில் சென்ற வேறு ஐவரும் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். முதல் விசாரணையிலேயே அறுவரும் துன்புறுத்தப்பட்டனர். பின்னர், அதிகாரி அல்லாத நால்வரை மட்டும் பிரித்தெடுத்து, கொலைக்களமாகத் தேர்ந்த ஒரு காட்டிற்கு மோட்டார் வண்டியில் கொண்டு சென்றனர். அங்கே மூவர் தலை துண்டிக்கப்பட்டு மாண்டனர். உட்பிரிட்ஜை மட்டும் தனியே நிறுத்தி மேலும் வதைத்தனர்; அவர் தந்தியாளர் என்பதே காரணம். நுட்பம் அறிந்த அதிகாரி ஒருவரும் மொழிபெயர்ப்போரும் முன்நின்று கருவிகளையும் அலைவரிசைகளையும் சங்கேதங்களையும் பற்றிக் கேட்டார்கள். சிறுவர் நிறைந்த இந்த அவையில் அவர்கள் செய்த கொடுமைகளை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். இறுதியில், கொல்வதானால் விரைந்து கொல்லுங்கள் என்ற பொருள்பட அவர் கூறியதாகப் பதிவு உள்ளது. 1945 பிப்ரவரி 7ஆம் நாள் அவர் தலையும் வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 23.

அக்காட்டில் நடந்ததை வந்து சொல்ல, உடன் சென்ற மூவரில் ஒருவரும் எஞ்சவில்லை. ஆயினும் உண்மை புதைந்துபோகவில்லை. போர் முடிந்தபின் அறுவர் மீது விசாரணை நடந்தது, நால்வர் தூக்கிலிடப்பட்டனர், இருவர் சிறை சென்றனர். 1948 செப்டம்பர் 28ஆம் நாள் உட்பிரிட்ஜுக்கு 'ஜார்ஜ் கிராஸ்' என்னும் உயரிய வீர விருது வழங்கப்பட்டதாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அவர் உடல் இரங்கூன் போர்க் கல்லறையில் துயில்கின்றது.

அன்பர்களே, இந்தப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிந்தவுடன் நம் காலனிப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, வெள்ளைக்காரன் தன் பேரரசைக் காக்கப் போர் செய்தான். அவன் சிப்பாயை நம் தமிழ் விழாவில் நினைப்பது எதற்கு?" அக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. பல இரவு அதை எண்ணிப் பார்த்தேன்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நான் மேலே சொன்ன ஹிஜ்லியிலேதான் விடுதலை வீரர்களைக் காவலில் வைத்த சிறைமுகாம் இருந்தது. 1931 செப்டம்பர் 16ஆம் நாள் அங்கே காவலர் சுட்டதில் சந்தோஷ்குமார் மித்ராவும் தாரகேஸ்வர் சென்குப்தாவும் உயிர்நீத்தனர். அதே கட்டடத்தில் 1951இல் நம் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிற்று. இந்த மேதினிபூர் மாவட்டம் 1942இல் புயலாலும், 1943இல் பஞ்சத்தாலும் பட்ட பாடு சொல்லில் அடங்காது. விமானத் தளங்களுக்குச் சாலை போட்ட அதே காலத்தில் சாலையோரம் மக்கள் பசியால் மடிந்தனர். இவற்றை மறந்துவிட்டு நான் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. உட்பிரிட்ஜ் மாண்ட அதே 1945 பிப்ரவரியில், அதே ஐராவதியின் கரையில், வடக்கே நெடுந்தொலைவில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினர் பிரிட்டிஷ் படைகளை எதிர்த்து நின்றனர். அவ்விராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பலர். கேப்டன் இலட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தனர். அவர்கள் ஒருபுறம், இந்த இலண்டன் இளைஞர் மறுபுறம். எதிரெதிர் அணி என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆயினும் என் விடை இதுதான். நான் போற்றுவது அவர் ஏந்திய கொடியை அன்று. அவர் காத்த நம்பிக்கையை. அந்தக் காட்டில் அவரைப் பார்த்துப் பெருமைகொள்ள அரசரும் இல்லை, தளபதியும் இல்லை. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லாததால் தமக்கு வரும் பயனும் ஒன்றுமில்லை. எப்படியும் சாவு உறுதி. பயன் பெறக்கூடியவர் பிறர். மறுநாள் பறக்க இருந்தவர். அவருட் பலர் அவர் அறியாதவர். தமக்கு இலாபமில்லாதபோதும், காண்பவர் இல்லாதபோதும், முகமறியாதவர் பொருட்டு ஒருவன் தன் கடமையிற் பிறழாது நின்றான் எனின், அவன் எந்நாட்டவனாயினும் மனித குலத்தின் சொத்து. வீரத்துக்கு எல்லைக்கோடு கிழித்த மரபு நம்முடையதன்று.

நம் முன்னோர் நடுகல் நட்டவர்கள். யாருக்கு நட்டார்கள்? மன்னர்க்கு மட்டுமா? ஊரார் ஆநிரையை மீட்கச் சென்று மாண்டவனுக்கு நட்டார்கள். கள்வரை எதிர்த்து விழுந்தவனுக்கு நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. தலைவன் மாண்டபின் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதிய இனம் நம்மினம். இன்னார், இன்ன செயலில் வீழ்ந்தார் என்று பெயரையும் செயலையும் கல்லில் எழுதிவைத்தல் தமிழர் கைக்கொண்ட அறம்.

இவ்விடத்தில் வேறொரு நினைவு என்னை வருத்துகிறது. அதையும் சொல்லாமல் அமர்ந்தால் என் உரை பாதியாகவே முடியும்.

159ஆம் அணியும் அதனோடிருந்த பிற லிபரேட்டர் அணிகளும் தாக்கிய இலக்குகளுள் முதன்மையானது ஓர் இரயில் பாதை. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை, 415 கிலோமீட்டர் நீளம். 1942 ஜூனில் தொடங்கி, 1943 அக்டோபரில் ஜப்பானியர் அதை முடித்தனர். காட்டையும் மலையையும் அறுத்து, பதினாறே மாதத்தில்! தண்டவாளம் அறிந்த நாம் அந்த வேகத்தின் பொருளை உணர்வோம். அதன் விலை மனித உயிர். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே மாண்டார்கள். அவர்களினும் பன்மடங்கு மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுள் மலேயா இரப்பர்த் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டி அழைத்துப் போனார்கள். வாராதவரை வலிய ஏற்றிச் சென்றார்கள். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. பாதை முடிந்தபின் வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. குண்டுக்குக் கண் இல்லை. பாலத்தைத் தேடி வந்தது, பாலத்தருகே கட்டாயத்தின்பேரில் நின்றவனையும் கொன்றது. அக்குண்டுகளை ஏற்றிய விமானங்கள் எழுந்தது நம் செம்மண் நிலத்திலிருந்து என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

உட்பிரிட்ஜுக்கு ஒரு கல்லறை உண்டு. கல்லின்மேல் பெயர் உண்டு. இரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில், கல்லறையும் வாய்க்காத படைவீரர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலோர் இந்திய வீரர்கள். ஆனால் சயாம் பாதையில் விழுந்த நம் தொழிலாளர்க்கு முழுமையான பெயர்ப்பட்டியலே இல்லை. 2023ஆம் ஆண்டில் சயாமின் காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. எண்பதாண்டு கழித்தேனும் அது நிகழ்ந்தமை நெஞ்சுக்கு ஆறுதல். எனினும் அங்கே கல் உண்டு. அதில் எழுத நம்மிடம் எத்தனை பெயர்கள் உண்டு?

என் பாட்டனாரின் தம்பி ஒருவர் தஞ்சை மாவட்டத்திலிருந்து மலேயாத் தோட்டமொன்றிற்குச் சென்றவர். மாதம் ஒரு கடிதமும் சிறு தொகையும் வந்துகொண்டிருந்தனவாம். 1942இன் பின் ஒன்றும் வரவில்லை. அவர் சயாமுக்குப் போனாரா, நேதாஜியின் படையில் சேர்ந்தாரா, நோயில் மாண்டாரா என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் கொள்ளுப்பாட்டி இறக்கும்வரை தபால்காரர் வரும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். இலண்டன் மாநகரிலும் 1945இல் ஒரு வீட்டார் அவ்வாறே செய்திக்கு ஏங்கியிருப்பர். அவர்களுக்கு விடை கிடைத்தது. கொடிய விடைதான், ஆனாலும் விடை. எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு அதுவும் கிடைக்கவில்லை. உட்பிரிட்ஜின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு இதுவே காரணம் என்பதை இப்போது உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். ஒருவனுடைய பெயரையும் முடிவையும் ஒரு சமுதாயம் எவ்வளவு அக்கறையோடு தேடி எழுதிவைக்கிறது என்று கண்டு வியந்தேன். கூடவே வெட்கமும் கொண்டேன்.

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆத்ராப் பாதையில் செல்லும்போது, சந்திரகோணா ரோடு நிலையம் வந்ததும், உங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தந்தியாளரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள். சொல் காத்தவன் என்று சொல்லுங்கள், போதும். இது முதலாவது.

இரண்டாவது, நம் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். நம் குடும்பங்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய், அப்போரில் திரும்பாமற் போனவர் பெயரை அதில் எழுதுவோம். பர்மாவிலிருந்து 1942இல் காடும் மலையும் கடந்து நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். ஊர், வயது, போன ஆண்டு, கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது என்பவற்றைத் தெரிந்த அளவு குறிப்போம். எந்த அணியில் நின்றார் என்று பிரித்துப் பார்க்க வேண்டா. சீருடை அணிந்தவரும் எழுதப்படட்டும், மண்வெட்டி பிடித்தவரும் எழுதப்படட்டும். வீட்டு முதியோரைக் கேட்டால்தான் இவை கிடைக்கும். அவர்களுக்குப் பின் கேட்க ஆளிருக்கமாட்டார். நான் கற்ற கல்வி சிறிது. ஆனால் பதிவேடு எழுதுவது என் தொழில். அப்பணியை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

குறிப்பேடு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. முதல் வரியில் என் பாட்டனாரின் தம்பி பெயரை எழுதியிருக்கிறேன். 'முடிவு' என்ற கட்டம் வெறுமையாக உள்ளது. விருந்துண்டு செல்லும்போது நீங்களும் ஒருகணம் அங்கே நின்று செல்லுமாறு வேண்டுகிறேன்.